நூற்றிருபது துளைகள்

அறுபத்து மூன்றாவது துளையில் ட்ரில் பிட் மாட்டிக்கொண்டது. சாலமன் பொத்தானிலிருந்து விரலை எடுத்தார். மெஷினைத் திருப்பிச் சுற்றவிட்டுப் பிட்டை மெதுவாக உருவினார். ஷீட் அந்த இடத்தில் சூடேறியிருந்தது. பக்கத்திலிருந்த மக்கில் விரல் நனைத்துத் தெளித்தார். அவசரப்பட்டால் பாலிகார்பனேட் பிளாஸ்டிக் உருகித் துளையிலேயே ஒட்டிக்கொள்கிறது. இரும்பு அப்படியில்லை. எவ்வளவு அழுத்த வேண்டுமென்று அவருடைய தோள்பட்டைக்கே தெரியும். தாம்பரம் ரயில்வே ஷெட்டில் முப்பத்தாறு வருஷம் ஃபிட்டராக இருந்தவர். கண்ணாடி மாதிரியான இந்தச் சாமானைக் கையில் எடுத்தது இந்த வாரம்தான்.

மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டியின் நிழல் குறுகிக்கொண்டே வந்தது. இரண்டு ஸ்டூல்களின் மேல் ஷீட்டைக் கிடத்தியிருந்தார். நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம். வரிசைக்கு இருபதாக ஆறு வரிசை பென்சில் குறிகள். சட்டையைக் கழற்றித் துணி காயப்போடும் கம்பியில் மாட்டிவிட்டுப் பனியனோடு நின்றார். பனியனெல்லாம் வெள்ளைச் சுருள்.

கீழே முதல் மாடியில், ஹாலில் வைத்தே இதைச் செய்திருக்கலாம். அந்தச் சத்தமும் தூளும் படுக்கையிலிருக்கும் மனைவி ஞானஜோதிக்கு ஆகாதென்று அவர்தான் எல்லாவற்றையும் மேலே தூக்கிக்கொண்டு வந்தார்.

இரும்பு கூடாது என்பது மீன் தொட்டியின் மூடிக்கு அவள் போட்ட முதல் நிபந்தனை.

"ஆணி, ஸ்குரூ எதுவும் இரும்புல வேணாங்க. உப்புத் தண்ணி ஆவி பட்டா ஒரே மாசத்துல துரு ஏறும். அது சொட்டு சொட்டா உள்ள எறங்கும். பித்தளையும் வேணாம். செம்பு கலந்த எதுவும் எறாலுக்கு விஷம்."

"அப்ப எதுலதான் செய்யறது? மெழுகுலயா?"

"நீங்கதான ஃபிட்டரு."

மரமும் கூடாது, ஊறிப்போகும். முழுக்க மூடவும் கூடாது, காற்று போக வேண்டும். வெளிச்சம் விழ வேண்டும். பூனை மேலே ஏறிக் குதித்தாலும் தொய்யக் கூடாது. துளையில் சுண்டுவிரல் நுழையலாம், பூனையின் கால் நுழையக் கூடாது. படுத்தபடியே இத்தனையும் சொன்னாள். சொல்லி முடித்ததும் மூச்சு வாங்கியது.

கல்லூரியில் விலங்கியல் லேபில் உதவியாளராக இருந்தவள் அவள். ஓய்வு பெற்ற மாதமே இந்தக் கடல் மீன் தொட்டியை வாங்கி வந்து ஹாலில் வைத்தாள். "முப்பத்தோரு வருஷம் பாட்டில்ல செத்த மீனையே பாத்தாச்சு. இனிமே உயிரோட பாக்கறேன்" என்றாள். உப்பைக் கரைத்து, அளந்து, சூடு பார்த்து, அந்த நாலடிக்குள் ஒரு கடலை அவளே கலந்து வைத்துக்கொண்டாள். மீன்களுக்குச் செல்லப் பெயர் வைக்கமாட்டாள். லேபில் லேபிள் ஒட்டியிருப்பதுபோல அதன் லத்தீன் பெயரைத்தான் முழுதாகச் சொல்வாள். சாலமனுக்கு அது வாயில் நுழையாது. ஆரஞ்சு, செவப்பு வாலு, எறா என்பார். அதற்கு மேல் அந்தப் பக்கம் போனதில்லை.

பூனை போன மழைக்காலத்தில் சன்ஷேடு வழியாக பால்கனிக்கு ஏறி வந்தது. சாம்பல் நிறத்தில் கோடு போட்டது. ஞானஜோதி பால் வைத்தாள். அவள் நடமாடிக்கொண்டிருந்தவரை அது சோபாவின் கைப்பிடியில் உட்கார்ந்து மீன்களை வேடிக்கை பார்த்ததோடு சரி. இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியில் அவளை வீட்டுக்கு அனுப்பினார்கள். மெடிக்கல் கடையிலிருந்து வாடகைக்குக் கட்டில் வந்தது. தொட்டியைப் பார்த்தாற்போல ஹாலில் போடச் சொல்லி அவள் அதில் படுத்துக்கொண்டாள். அதன் பிறகு பூனைக்குத் துணிச்சல் வந்துவிட்டது. தொட்டியின் விளிம்பில் ஏறி உட்கார்ந்து தண்ணீருக்குள் காலை விட்டு அலசும். அவள் படுக்கையிலிருந்து "ச்சூ" என்பாள். அந்தக் குரல் பூனைக்கே கேட்டிருக்காது.

பத்து நாளைக்கு முன்னால் காலையில் பெருக்கும்போது, இரண்டு ஆரஞ்சு மீன்களில் ஒன்று கட்டிலுக்கடியில் காய்ந்து கிடந்தது. சாலமன் பூனையைச் சாக்கில் போட்டு ஆற்றுக்கு அந்தப் பக்கம் விட்டுவிட்டு வரக் கிளம்பினார்.

"அத ஏன் தொரத்தறீங்க?" என்றாள் ஞானஜோதி. "அதோட வேலைய அது செய்யுது. நாமதான் மூடி வைக்கல."

மிச்சமிருந்த ஆரஞ்சு நான்கு நாள் சாப்பிடவில்லை. பாறையின் ஓரமாகவே நின்றது. அவள் அந்தப் பக்கமாகவே ஒருக்களித்துப் படுத்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்தாம் நாள் அது வெளியே வந்து ஒரு துணுக்கைக் கவ்வியபோது, "பாருங்க" என்று மட்டும் அவரைக் கூப்பிட்டாள். அன்றைக்கு மத்தியானமே சாலமன் முடிச்சூர் ரோட்டுக்குப் போய் ஷீட் வாங்கி வந்தார்.

வெயில் பாதத்துக்கு வந்துவிட்டது. பதினொன்றரைக்கு அவளுக்குக் கஞ்சி கொடுக்க வேண்டும். தண்ணீர்க் குழாய் வரும் மூலையில் எவ்வளவு வெட்டுவது என்றும் கேட்க வேண்டும். சாலமன் ட்ரில்லை வைத்துவிட்டு, பாதித் துளை போட்ட ஷீட்டைத் தோளில் சாய்த்துக்கொண்டு படியிறங்கினார்.

"குழா மூலை மூணு இஞ்சா, மூணரையா?" என்று வாசலிலிருந்தே கேட்டார்.

பதில் இல்லை. தூங்குகிறாள். சத்தம் போடாமல் ஷீட்டைத் தொட்டியின்மேல் இறக்கினார். குழாய் மூலையைத் தவிர விளிம்பில் கச்சிதமாக உட்கார்ந்தது. ஒரு மில்லிமீட்டர்கூடப் பிசகவில்லை. அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

"ஞானம், இங்க பாரு. எப்டி ஒக்காந்துச்சு பாரு."

திரும்பினார். அவள் தொட்டியைப் பார்த்தபடிதான் இருந்தாள். கண் பாதி திறந்திருந்தது. அவளுடைய போன் கையருகே மெத்தையில் கிடந்தது. காலடியில் பூனை சுருண்டு படுத்திருந்தது. சாலமன் போய் அவள் பாதத்தைத் தொட்டார். சூடாக இருந்தது. அந்தச் சூட்டை நம்பி, தொட்ட கையை எடுக்காமல், இரண்டு மூன்று முறை கூப்பிட்டுப் பார்த்தார். அது பூனையின் சூடு என்று புரியக் கொஞ்ச நேரமாயிற்று.

கட்டிலருகே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். தொட்டியின் மோட்டார் சீராக முனகிக்கொண்டிருந்தது. கஞ்சியைச் சூடு பண்ண வேண்டுமே என்று நினைத்தார். அப்புறம், வேண்டாம் என்று நினைத்தார். பிறகுதான் யாருக்காவது சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

போன் சட்டைப் பையில், மாடியில். மறுபடி படியேறினார். கம்பியில் தொங்கிய சட்டையிலிருந்து போனை எடுத்ததும் திரையில் எழுத்துத் தெரிந்தது. தவறிய அழைப்பு, ஞானம், பதினொன்று பன்னிரண்டு.

மக்கில் தண்ணீர் வெதுவெதுப்பாகிவிட்டிருந்தது. ஸ்டூல்களைச் சுற்றி வெள்ளைச் சுருள் காற்றில் உருண்டது. பதினொன்று பன்னிரண்டுக்கு எந்தத் துளையில் இருந்தோம் என்று கணக்குப் போட்டுப் பார்த்தார். ஐம்பதுக்கும் அறுபதுக்கும் நடுவில் ஏதோ ஒன்று.

அங்கேயே நின்று ஓசூரிலிருக்கும் மகள் ஏஞ்சலுக்கு போன் செய்தார். மறுநாள் சனிக்கிழமை அவள் வருவதாக இருந்தது. "அம்மா போய்ட்டாம்மா" என்றார். "இதோ கெளம்பறேன்ப்பா" என்றாள் ஏஞ்சல்.

கீழ் வீட்டு புஷ்பலதாதான் முதலில் வந்தாள். சமையலைப் பாதியில் நிறுத்திவிட்டு ஈரக் கையோடு ஓடி வந்தவள், ஞானஜோதியின் கண்ணை மூடி, தாடைக்குத் துணி கட்டி, போர்வையைச் சரிசெய்தாள். அதற்குப் பிறகுதான் அழுதாள்.

"எப்பண்ணா?"

"இப்பதான்."

"பக்கத்துலயே இருந்தீங்களா?"

சாலமன் அவளைப் பார்த்தார். "இருந்தேன்" என்றார்.

அது எப்படி வாயில் வந்தது என்று தெரியவில்லை. வந்த பிறகு அதைத் திரும்ப எடுக்க வழியும் தெரியவில்லை. டாக்டர் வந்து பார்த்துவிட்டு எழுதிக் கொடுத்துப் போனார். பல்லாவரத்திலிருந்து ஞானஜோதியின் அக்கா ரோஸ்லின் வந்தார். சர்ச்சிலிருந்து நாலு பெண்கள் வந்தார்கள். ஒவ்வொருவரும் அதே கேள்வியைக் கேட்டார்கள். சாலமன் சொல்லும் முன்பே புஷ்பலதா சொன்னாள். மூன்று மணிக்குள் அந்தக் கதையில் ஞானஜோதி அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நாலு மணிக்குள் அவரைப் பார்த்துச் சிரித்துவிட்டுக் கண்ணை மூடியிருந்தாள். "குடுத்து வச்சவ" என்றார் ரோஸ்லின். சாலமன் சுவரோரமாக உட்கார்ந்து, தன் மனைவிக்கு ஒரு நல்ல சாவு கொஞ்சம் கொஞ்சமாகத் தயாராவதைக் கேட்டுக்கொண்டிருந்தார். அதில் அவரும் இருந்தார். நிஜத்தில் மட்டும்தான் அவர் அங்கே இல்லை.

ஐந்து மணிக்கு உடலை வைக்க ஃப்ரீசர் பாக்ஸ் வந்தது. கட்டிலைச் சுவரோரம் தள்ளி, ஹால் நடுவில் பெட்டியை இறக்கினார்கள். கொண்டுவந்த குப்புராஜ் ப்ளக் பாயிண்ட் தேடி, வயரை இழுத்துச் சொருகிவிட்டு, "இதுல வேற எதும் மாட்டாத சார், லோடு தாங்காது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஜெபம் நடந்தது. பாட்டுப் பாடினார்கள். யாரோ சாலமன் கையில் டீயைக் கொடுத்தார்கள். குடிக்கும்போது ஏதோ ஒன்று குறைகிறதென்று பட்டது. என்னவென்று தெரியவில்லை. ஹாலில் பேச்சு ஓய்ந்த ஒரு நேரத்தில்தான் புரிந்தது. தொட்டியின் முனகல் இல்லை.

எழுந்து போய்ப் பார்த்தார். தொட்டியின் ப்ளக்கைப் பிடுங்கித் தரையில் போட்டிருந்தார்கள். தண்ணீர் அசையாமல் நின்றது. ஆரஞ்சு மேல் மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. செவப்பு வாலைக் காணவில்லை.

பாதித் துளையிட்ட ஷீட்டைத் தூக்கிச் சுவரில் சாய்த்தார். ப்ளக்கைக் கையில் வைத்துக்கொண்டு சுற்றிலும் பார்த்தார். இருந்த ஒரு பாயிண்டில் பெட்டி. மற்றதில் நின்றுபோன ஃபேனுக்குப் பதிலாக யாரோ கொண்டுவந்த டேபிள் ஃபேன், பெண்கள் பக்கம் திரும்பியிருந்தது. சாலமன் போய் அதைப் பிடுங்கினார்.

"தம்பி," என்றார் ரோஸ்லின். "இன்னா பண்ற?"

"மோட்டார் நின்னு போச்சுக்கா."

"உயிர் போன வூட்டுல மீனுக்கு ப்ளக்கு தேடிகினு நிக்கிற. நாலு பேர் பாக்கறாங்க."

"அது செத்துரும்."

"சாவட்டுமே. என் தங்கச்சியே போய்ட்டா."

ஹால் முழுக்க அவரைப் பார்த்தது. சாலமன் ப்ளக்கைப் பிடித்தபடி நின்றார். அவளுடைய மீன் என்று சொல்ல நினைத்தார். அது சொல்லாமலே தெரிந்திருக்க வேண்டிய விஷயம் என்று பட்டது. புஷ்பலதா கீழே போய் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒன்றை எடுத்துவந்து, சமையலறையிலிருந்து இழுத்து, அவர் கையிலிருந்த ப்ளக்கை வாங்கிச் சொருகினாள். தொட்டி இருமுவதுபோல் சத்தம் போட்டுவிட்டு மறுபடி முனகியது. யாரோ ஃபேனையும் போட்டார்கள்.

அப்போது ஏஞ்சல் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் மத்தியானம் மூன்று மணிக்கு அடக்கம் என்று முடிவாகியிருந்தது. வந்தவர்கள் பூனையைக் கண்ட இடத்தில் விரட்டியதால், புஷ்பலதா அதைப் பிடித்துக் குளியலறையில் அடைத்தாள். காலையில் ஆட்கள் போக வரக் கதவு திறந்த சமயம் அது வெளியே பாய்ந்து, பெட்டியைச் சுற்றி ஓடி, ஒரே தாவில் தொட்டியின் விளிம்பில் ஏறியது. அதிர்ச்சியில் செவப்பு வாலு தண்ணீரை விட்டு எகிறி, விளிம்பில் மோதி, நல்ல வேளையாக உள்ளேயே விழுந்தது. பெண்கள் கூச்சல் போட்டதில் பூனை பால்கனி வழியாக இறங்கிப் போய்விட்டது.

சாலமன் சுவரில் சாய்த்திருந்த ஷீட்டை எடுத்தார். மாடிக்குப் போனார்.

ஸ்டூல்கள் அப்படியே இருந்தன. ட்ரில் பனியில் நனைந்திருந்தது. துடைத்து, பிட்டைச் சரிபார்த்து, அறுபத்து நான்காவது குறியில் வைத்து அழுத்தினார். அந்தச் சத்தம் அக்கம்பக்கமெல்லாம் கேட்டது. எதிர் மாடியில் துணி காயப்போட வந்த பெண் அவரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு உள்ளே போனாள். ஆறு துளை முடிந்திருக்கும். ஏஞ்சல் வந்து எதிரே நின்றாள். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது.

"அப்பா. கீழ எல்லாரும் ஒரு மாதிரி பேசறாங்கப்பா. பெரியம்மா அழறாங்க. இத நாளைக்குப் போடக்கூடாதா?"

சாலமன் மெஷினை நிறுத்தினார். நிமிர்ந்து பார்க்கவில்லை. ஷீட்டின்மேல் கிடந்த தூளை உள்ளங்கையால் ஒதுக்கினார்.

"நேத்து இததான் போட்டுகினு இருந்தேன்" என்றார்.

ஏஞ்சலுக்குப் புரியவில்லை.

"நான் பக்கத்துல இல்லம்மா. கைய கிய ஒண்ணும் புடிக்கல. இங்க நின்னு இத போட்டுகினு இருந்தேன். போனு அதோ அங்க சட்டையில. ஒங்கம்மா கூப்ட்டுருக்கா. எனக்குக் கேக்கல."

போனை எடுத்துத் திரையை அவளுக்குக் காட்டினார். அவள் வாங்கிப் பார்த்தாள். நீண்ட நேரம் பார்த்தாள். தாம்பரம் பக்கமிருந்து விமானப்படைப் பயிற்சி விமானம் ஒன்று தாழ்வாக வந்து வட்டமடித்துப் போனது.

"எத்தன தடவ அடிச்சாங்க?" என்றாள்.

"ஒரு தடவதான்."

"ஒரு தடவன்னா..." ஏஞ்சல் நிறுத்தினாள். "ஒரு தடவன்னா எதாவது அளவு சொல்றதுக்குக் கூப்ட்டுருப்பாங்கப்பா. அவசரம்னா திருப்பித் திருப்பி அடிச்சிருப்பாங்க."

"இருக்கும்" என்றார் சாலமன்.

அவள் போனைத் திருப்பிக் கொடுத்தாள். அவர் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். ஏஞ்சல் துப்பட்டாவை இழுத்து இடுப்பில் சொருகினாள்.

"இன்னும் எத்தன இருக்கு?"

"அம்பத்தொண்ணு."

"நான் புடிக்கிறேன். நீங்க போடுங்க."

ஷீட்டின் இரண்டு ஓரத்தையும் அழுத்திப் பிடித்தாள். ஆள் பிடித்தால் வேலை வேகமாக நடக்கிறது. ஷீட் துள்ளவில்லை. பிட் வழுக்கவில்லை. ஒவ்வொரு துளை முடிந்ததும் அவளே விரல் நனைத்துத் தெளித்தாள். ஒருமுறை தெளிக்கும்போது கை நின்றது. தலையைத் திருப்பிக்கொண்டாள். சாலமன் காத்திருந்தார். அவள் மறுபடி திரும்பி ஷீட்டைப் பிடித்ததும் பொத்தானை அழுத்தினார்.

குழாய் மூலையை மூன்றரை இஞ்சுக்கு வெட்டினார். ஓரத்தில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். பூனை முட்டித் தள்ளினாலும் நகராமல் இருக்க, நான்கு பக்கமும் நைலான் போல்ட்டில் கொக்கி வைத்தார். தீனி போட முன்பக்கம் கையளவு ஒரு கதவு. எல்லாம் முடிந்து இருவரும் ஷீட்டை ஆளுக்கொரு பக்கம் பிடித்துப் படியிறங்கியபோது மணி ஒன்று.

ஹாலில் இருந்தவர்கள் வழிவிட்டார்கள். இருவரும் அதைத் தொட்டியின்மேல் வைத்துக் கொக்கிகளை மாட்டினார்கள். ரோஸ்லின் பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். அவர் மூடியைப் பார்த்தார், தங்கையைப் பார்த்தார், முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அவ கேட்டாளா?" என்றார்.

"ஆமாக்கா."

"அப்ப சரி."

மூன்று மணிக்கு பாஸ்டர் வந்தார். படி குறுகலாக இருந்ததால் சவப்பெட்டியைச் சாய்த்துத்தான் இறக்க முடிந்தது. அதை எந்தக் கோணத்தில் திருப்ப வேண்டும் என்று சொன்னவர் சாலமன்தான். கல்லறைத் தோட்டத்தில் மண் ஈரமாக இருந்தது. பிடி மண்ணைப் போட்டபோது அவருடைய நகக்கண்ணில் வெள்ளைத் தூள் இன்னும் இருப்பதைப் பார்த்தார்.

ஏஞ்சல் ஆறு நாள் இருந்தாள். அம்மாவின் புடவைகளை மடித்து அடுக்கினாள். தொட்டிக்கு எத்தனை நாளுக்கொருமுறை என்ன செய்ய வேண்டும் என்று போனில் தேடித் தேடி ஒரு தாளில் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டினாள். எங்களோட வந்துடுங்கப்பா என்று ஒருமுறை சொன்னாள். பார்க்கலாம் என்றார். அந்த மாடிப் பேச்சை இருவரும் மறுபடி எடுக்கவில்லை. பஸ் ஏறும்போது மட்டும், "பெரியம்மா கிட்ட ஒண்ணும் சொல்லாதீங்க. அவங்க அப்டியே நெனச்சுகிட்டும்" என்றாள். அவர் தலையாட்டினார். பஸ் போன பிறகும் கொஞ்ச நேரம் நிழற்குடையில் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தார்.

வீட்டில் சத்தமே இல்லை. தொட்டி மட்டும் முனகியது. தாளைப் பார்த்துப் பார்த்து, ஆவியாகிக் குறைந்த அளவுக்கு நல்ல தண்ணீர் ஊற்றினார். உப்புத் தண்ணீர் ஊற்றக் கூடாதாம். உப்பு போகாதாம், தண்ணீர் மட்டும்தான் போகுமாம். இத்தனை வருஷம் பக்கத்திலேயே இருந்தும் இது தெரியாது. அவளிடம் கேட்டிருந்தால் அரை மணி நேரம் சொல்லியிருப்பாள்.

வாடகைக் கட்டிலை எடுத்துப்போக நாலு மணிக்கு ஆள் வருவதாக மெடிக்கல் கடையிலிருந்து போன் வந்தது. அடக்கம் முடிந்ததும் பழையபடி தொட்டிக்கு எதிரே இழுத்துப் போட்டிருந்த கட்டிலின் மெத்தையைச் சாலமன் சுருட்டப் போனார். சுருட்டாமல் அதில் உட்கார்ந்தார். பிறகு படுத்தார். அந்தக் கட்டிலில் அவர் படுத்ததில்லை. அவள் படுத்த மாதிரியே தொட்டியின் பக்கம் ஒருக்களித்துக்கொண்டார்.

தலையணையிலிருந்து பார்த்தால் தொட்டி கண்ணுக்கு நேராக இருந்தது. ஆரஞ்சு பாறையோரம் நின்று துடுப்பை ஆட்டியது. அதற்கப்பால், இரண்டு கண்ணாடிக்கும் நடுவிலிருந்த தண்ணீரின் ஊடாக, வாசல் தெரிந்தது. நிலைப்படி நெளிந்தது. கதவு அகலமாகவும் ஒடுங்கியும் மாறிக்கொண்டிருந்தது. மருந்து வாங்கிக்கொண்டு, பால் வாங்கிக்கொண்டு, மாடியிலிருந்து இறங்கி, எப்போது வந்தாலும் அவள் கண்ணுக்கு அவர் முதலில் அந்தத் தண்ணீருக்குள்தான் வந்திருக்கிறார்.

பால்கனியில் மெதுவாக ஏதோ குதித்தது. அடக்கத்தன்று ஓடிப்போன பூனை, இளைத்து, காதோரம் ஒரு கீறலோடு உள்ளே வந்தது. ஹாலின் நடுவில் நின்று கட்டிலைப் பார்த்தது. கட்டிலில் இருந்தது வேறு ஆள் என்று தெரிந்ததும் வரவில்லை. தொட்டிப் பக்கம் திரும்பியது. பின்னங்காலில் எம்பித் தாவியது.

தொம்மென்று மூடியின்மேல் விழுந்தது. மூடி அசையவில்லை. கொக்கிகள் நகரவில்லை. செவப்பு வாலு பாறை இடுக்கில் ஒளிந்தது. பூனை மூடியை முகர்ந்தது, ஒரு துளையில் காலை விட்டுப் பார்த்தது, நுழையவில்லை. தண்ணீரின் வெதுவெதுப்பு கீழிருந்து ஏறிக்கொண்டிருந்தது. இரண்டு சுற்றுச் சுற்றி அங்கேயே படுத்துக்கொண்டது.

தண்ணீர் மட்டத்துக்கும் மூடிக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி. அதன் வழியே சாலமனுக்குப் பூனையின் வயிறு தெரிந்தது. அமுங்கிய இடத்தில் துளைக்குத் துளை சாம்பல் நிற மயிர் கொத்துக் கொத்தாகப் பிதுங்கி நின்று, அது மூச்சு விடும்போதெல்லாம் ஏறி இறங்கியது. ஆரஞ்சு மேலே வந்து அந்தக் கொத்துகளுக்குக் கீழே வாயைத் திறந்தபடி நின்றது.

கீழே வண்டி வந்து நின்றது. படியில் ஆட்கள் ஏறி வரும் சத்தம் கேட்டது. அழைப்புமணி ஒருமுறை அடித்தது. சாலமன் தண்ணீருக்கு அப்பால் நெளியும் கதவைப் பார்த்தபடி படுத்திருந்தார். மணி மறுபடி அடித்தது.